அளவு ஜாக்கெட்டைக் கொடுக்காதீர்கள், அளவு எடுங்கள்!



வத்தல், வடகம், கோலம், கைவைத்தியம் என்று நாம் எல்லோரும் எழுதுகிறோம். காலையிலிருந்து ராத்திரி வரை உடம்போடு ஒட்டிக்கிடக்கிற ஜாக்கெட்டைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் எழுதக் காணோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

பத்துப் பெண்கள் கூடுகிற இடத்தில் கேட்டுப் பாருங்கள். ஒருத்திக்கு அக்குளில் பிடிக்கும். ஒருத்திக்குத் தோள் வழுக்கிக்கொண்டே இருக்கும். இன்னொருத்திக்கு முன்பக்கம் தூக்கும், கொக்கிக்குக் கொக்கி வாய் பிளக்கும், அதை மறைக்க நடுவில் ஒரு ஊக்கு. "என் உடம்பு வாகே அப்படி" என்று நாம் நம்மையே குறை சொல்லிக்கொள்கிறோம். உடம்பில் குறை ஒன்றும் இல்லைங்க. அளவில்தான் கோளாறு.

அளவு ஜாக்கெட் என்கிற வழக்கம்

நம் பக்கத்தில் உடம்பில் டேப் வைத்து அளவு எடுக்கக் கூச்சப்படுவோம். அதுவும் டெய்லர் ஆணாக இருந்தால் சொல்லவே வேண்டாம். பையில் ஒரு பழைய ஜாக்கெட்டைப் போட்டு, "இதே மாதிரி, கை மட்டும் அரை இன்ச் லூஸ்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். அந்த ஜாக்கெட்டோ நாலு வருஷம் துவைத்துத் துவைத்து நீளத்தில் சுருங்கி, அக்குளில் இழுத்து விட்டுப்போனதாக இருக்கும். அதிலிருக்கிற குறையெல்லாம் சேர்ந்து புதுசுக்கும் வரும். நாலு வருஷத்தில் பிள்ளை பெற்றிருப்போம், உடம்பு வைத்திருக்கும், இல்லை இளைத்திருக்கும். ஜாக்கெட் மட்டும் பழைய கணக்கிலேயே நிற்கும்.

டெய்லர்களைக் குறை சொல்லவில்லை. நம் மதுரையில் தையல்காரர்களின் கைத்திறமைக்குக் குறைச்சலே கிடையாது. திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில் சிற்பத் தூண்களுக்கு நடுவே மிஷினைப் போட்டு எத்தனையோ தலைமுறை தைத்திருக்கிறார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம், கருப்பசாமி வேஷம் கட்டுகிறவர்களின் உடுப்பு அங்கேதான் தைப்பார்கள். இப்போது அந்தக் கடைகளைப் பக்கத்திலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். கண்ணால் பார்த்தே அளவு சொல்கிறவர்கள் அவர்களில் உண்டு. ஆனால் நாம் ஆளைக் காட்டாமல் பழைய துணியைக் காட்டினால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

ஆகவே வீட்டில் மிஷின் இருக்கிறவர்கள், நேராகத் தையல் ஓட்டத் தெரிந்தவர்கள், பேப்பர் கட்டிங்கை வைத்து நாமே தைத்துக்கொள்ளலாம். தைக்கத் தெரியாதவர்கள்கூட அளவை மட்டும் சரியாக எடுத்து எழுதி டெய்லரிடம் கொடுத்தால் பாதிப் பிரச்னை தீரும்.

பேப்பர் கட்டிங் யாருடைய உடம்புக்கு?

அளவு வாரியாகக் காகிதத்தில் பேட்டர்ன் போட்டு விற்கிற பழக்கத்தை 1863-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எபினேசர் பட்டரிக் என்கிற தையல்காரர் தொடங்கினார். அதற்கு முன்பு ஒரே அளவு காகிதம்தான். அவரவர் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் 1950-ல் ஆன்னே புர்டா என்ற பெண்மணி தொடங்கிய பத்திரிகை, பேட்டர்ன் தாள் மூலமாகவே பல நாடுகளுக்குப் போனது. நம் ஊரில் இன்றைக்கு 28-லிருந்து 44 வரை அட்டையிலும் தாளிலும் ஜாக்கெட் கட்டிங் வாங்கலாம். செல்போனில் இறக்கியும் பிரிண்ட் எடுக்கலாம்.

இதில் ஒன்றைக் கவனிக்கணும். பேட்டர்ன் என்பது ஒரு சராசரி ஆளுக்குப் போட்டது. அமெரிக்காவில் 1939, 1940-ம் வருஷங்களில் சுமார் 15 ஆயிரம் பெண்களை அளந்து பார்த்தார்கள். ரெடிமேட் துணிக்கு எண் போட வழி தேடித்தான் அந்த வேலை. நம் நாட்டில் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான 'நிஃப்ட்', 6 நகரங்களில் ஆண், பெண் 25 ஆயிரம் பேரை அளப்பதென்று திட்டம் போட்டதே சமீப காலத்தில்தான். அதுவரை வெளிநாட்டு அளவைக் கூட்டிக் குறைத்துத்தான் நம் கடைகளில் எண் போட்டார்கள். அப்படியிருக்க 36 என்று எழுதியிருப்பது நமக்கு அப்படியே பொருந்தாவிட்டால் அதில் ஆச்சரியம் என்ன?

36 மார்பு என்றால் இரண்டு பேருக்கும் ஒரே உடம்பா? ஒருத்திக்கு முதுகு அகலம், மார்பு சிறுசு. இன்னொருத்திக்கு முதுகு குறுகல், மார்பு பெருசு. டேப் இரண்டு பேருக்கும் 36 தான் காட்டும். ஜாக்கெட் இரண்டு பேருக்கும் வேறு வேறு.

எடுக்க வேண்டிய அளவுகள்

அக்கா தங்கையோ, மகளோ, பக்கத்து வீட்டம்மாவோ ஒருத்தர் கூட இருந்தால் பத்து நிமிஷ வேலை. வழக்கமாகப் போடுகிற உள்ளாடையைப் போட்டுக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடிக்காமல், நேராக நின்று எடுங்கள்.

* மேல் மார்பு: டேப் அக்குளை ஒட்டி, மார்புக்கு மேலாகச் சுற்றி வரணும்.
* முழு மார்பு: எடுப்பான இடத்தில் சுற்றி. பின்னால் டேப் இறங்கக்கூடாது.
* கீழ்ச் சுற்று: ஜாக்கெட் முடிகிற இடத்தில்.
* முன் பாதி, பின் பாதி: ஒரு பக்கத் தையலிலிருந்து மறு பக்கத் தையல் வரை, முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று தனித்தனியாக.
* தோளிலிருந்து பாயிண்ட் வரை, பாயிண்டுக்குப் பாயிண்ட்.
* தோளிலிருந்து ஜாக்கெட் விளிம்பு வரை, முன்னும் பின்னும் தனித்தனியாக.
* தோள் அகலம், கழுத்து இறக்கம் முன்னும் பின்னும்.
* அக்குள் சுற்று, கை உயரம், கை முடிகிற இடத்துச் சுற்று. இரண்டு கையையும் அளக்கணும்.

இதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப எடுத்தால் போதும்.

எந்த எண்ணை எடுப்பது?

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். முழு மார்பைப் பார்த்து எண்ணை எடுத்தால், மார்பு பெருசாக இருக்கிறவர்களுக்குத் தோளும் கழுத்தும் சேர்ந்து பெருசாகிவிடும். தோள் வழுக்குவதற்கு இதுதான் பெரிய காரணம்.

பொதுவாகப் பேட்டர்ன் போடுகிறவர்கள் மேல் மார்புக்கும் முழு மார்புக்கும் 2 இன்ச் வித்தியாசம் என்று கணக்கு வைப்பார்கள். உங்களுக்கு மேல் மார்பு 34, முழு மார்பு 38 என்று வைத்துக்கொள்வோம். 38 எடுக்காதீர்கள். 34-உடன் 2 கூட்டி 36 எடுங்கள். தோள், கழுத்து, அக்குள் எல்லாம் சரியாக உட்காரும். மார்பில் குறைகிற 2 இன்ச்சை மட்டும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

முன்பக்கம் சேர்ப்பது இப்படித்தான்: முன் துண்டு இரண்டு, ஆகவே ஒவ்வொன்றிலும் 1 இன்ச் சேர்க்கணும். பேட்டர்னைப் பிரவுன் பேப்பரில் வரைந்துகொள்ளுங்கள். அசலை வெட்டவே வேண்டாம். பாயிண்டிலிருந்து கீழ் விளிம்புக்கு நேராக ஒரு கோடு. அதே பாயிண்டிலிருந்து அக்குள் வளைவின் நடுவுக்கு ஒரு கோடு. பக்கத் தையலுக்கு ஒரு கோடு. கீழிருந்து பாயிண்டுக்கு வெட்டி, அங்கிருந்து அக்குள் வரை வெட்டுங்கள். அக்குள் ஓரத்தில் நூலளவு மட்டும் விட்டுவிடுங்கள். அது கதவுக் கீல் மாதிரி நிற்கும். பக்கத்துக் கோட்டையும் பாயிண்ட் வரை வெட்டுங்கள். இப்போது பாயிண்டில் 1 இன்ச் இடைவெளி வருகிற மாதிரி விரித்து, அடியில் வேறு காகிதம் வைத்து ஒட்டுங்கள். கீழ் விளிம்பு ஏற்ற இறக்கமாகத் தெரியும், அதைச் சமமாகச் சேர்த்து வரைந்துகொள்ளுங்கள். விரித்த இடமெல்லாம் டாட்டாகப் பிடிபடும். டாட்டின் நுனி பாயிண்டைத் தொடக்கூடாது, 1 இன்ச் முன்னாலேயே முடியணும். தொட்டால் கூம்பு மாதிரி நிற்கும்.

முதுகு வளைந்தவர்களுக்கு: வயதானவர்களுக்குப் பின்னால் ஜாக்கெட் மேலே ஏறும், கழுத்து பின்பக்கமாக இழுக்கும். நாம் என்ன செய்கிறோம், பெரிய அளவாகத் தைத்துப் போடுகிறோம். அது பையாகத் தொங்குமே தவிர ஏறுவது நிற்காது. பின் துண்டில் முதுகெலும்பு எடுப்பாக இருக்கிற உயரத்தில் நடுவிலிருந்து அக்குளை நோக்கிக் குறுக்காக வெட்டி, அக்குள் ஓரத்தில் கீல் விட்டு, நடுவில் அரை இன்ச்சிலிருந்து 1 இன்ச் வரை விரியுங்கள். பின் நடுக் கோடு கொஞ்சம் வளையும். துணியை மடித்து வெட்டாமல், நடுவில் ஒரு தையல் கொடுத்தால் வளைவு அதிலேயே அடங்கும். முன் நீளம் அதிகமாக இருந்தால் குறைத்துக்கொள்ளலாம்.

தையலுக்குத் துணி விட்டிருக்கிறார்களா?

வெட்டுவதற்கு முன் பேட்டர்னில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். அமெரிக்கக் கவர் பேட்டர்ன்களில் பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டர் தையலுக்குச் சேர்த்தே போட்டிருப்பார்கள். புர்டா பத்திரிகைத் தாளில் சேர்க்க மாட்டார்கள், நாம்தான் சேர்க்கணும். செல்போனில் இறக்கிப் பிரிண்ட் எடுத்தால், அதில் அளந்து பார்க்க ஒரு சதுரம் போட்டிருப்பார்கள். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். சதுரம் குறைந்தால் மொத்தமும் குறையும்.

நம் டெய்லர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பக்கத்தில் ஒன்றரை இன்ச் துணியை உள்ளே விட்டு, இரண்டு மூன்று வரித் தையல் ஓட்டுவார்கள். உடம்பு வைத்தால் உள் வரியைப் பிரித்துவிட்டால் ஜாக்கெட் பழையபடி சேரும். எந்த நாட்டுப் பேட்டர்னாக இருந்தாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

முதலில் பழைய வேட்டியில்

பட்டிலோ, நல்ல டூ பை டூவிலோ நேராகக் கத்தரி போடாதீர்கள். பழைய வேட்டித் துணியில் வெட்டி, மிஷினில் தையலைப் பெருசாக வைத்து ஓட்டிப் போட்டுப் பாருங்கள். கையைத் தூக்கிக் கொடியில் துணி போடுவது மாதிரி செய்யுங்கள். குனிந்து குடம் தூக்குவது மாதிரி செய்யுங்கள். உட்கார்ந்து பாருங்கள். நம் வேலையெல்லாம் இதுதானே? நின்ற இடத்தில் கண்ணாடி பார்த்தால் மட்டும் போதாது.

சுருக்கம் பேசும். இழுபட்டுக் கோடு விழுந்தால், அந்தக் கோடு எங்கே போய்ச் சேருகிறதோ அங்கே துணி பத்தவில்லை. மடிந்து தொங்கினால் அங்கே துணி அதிகம். குண்டூசியால் பிடித்து, பேனாவால் குறித்து, பிறகு பிரவுன் பேப்பரைத் திருத்துங்கள். ஒரு தடவை திருத்திவிட்டால் அந்தப் பேப்பர் உங்களுக்குச் சொத்து.

என் சித்திக்குத் தைத்தது

இதையெல்லாம் எழுதக் காரணம் என் சித்தி. வாடிப்பட்டிப் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்து, ஆபரேஷனில் இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். சிகிச்சை முடிந்து உடம்பு தேறிவிட்டது. ஆனால் சித்தி வெளியே வருவதை நிறுத்திவிட்டார். கல்யாணம், காதுகுத்து எதற்கும் வருவதில்லை. கேட்டால், "சோர்வா இருக்கும்மா" என்பார். வீட்டில் சித்தப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, மேலே துண்டு.

உண்மை என்னவென்றால் போட ஜாக்கெட் இல்லை. ஊர் டெய்லரிடம் அளவு ஜாக்கெட்டைத்தான் கொடுத்தனுப்பினார். அவரும் அதே மாதிரி தைத்தார். இடது பக்கம் காற்றில் ஆடியது. விஷயத்தை டெய்லரிடம் எப்படிச் சொல்வது? நிணநீர்க் கட்டிகளையும் எடுத்ததால் இடது கையில் நீர் கோத்து, வலது கையைவிட ஒன்றரை இன்ச் பெருத்திருந்தது. "இந்தக் கையில் எதுவும் இறுக்கிப் பிடிக்கக்கூடாது" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பழைய கை அளவோ இறுக்கியது.

மகளுக்கு வளைகாப்பு வந்தது. பெற்ற தாய் வராமல் வளைகாப்பா? "எனக்கு வேணாம். நீங்க எல்லாரும் போய் நல்லபடியா செஞ்சுட்டு வாங்க" என்றார் சித்தி. அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு சித்தியை அளந்தேன். வலது, இடது இரண்டு பக்கமும் தனித்தனியாக.

செய்தது இவ்வளவுதான். மெல்லிய மல் துணியில் லைனிங். இடது பக்க லைனிங்கில் ஒரு உறை, வாய் அக்குள் பக்கம். பருத்தித் துணியில் தைத்துப் பஞ்சு அடைத்த பேட் அதற்குள் போகும். லேசான பேட் தானாக மேலே ஏறும், உறைக்குள் இருந்தால் நகராது, துவைக்கும்போது எடுத்துவிடலாம். தழும்பு தெரியாமல் இருக்க முன் கழுத்தை 1 இன்ச் ஏற்றினேன். கொக்கி முன்னால்தான் வைத்தேன், இடது கை பின்னால் எட்டாது. கைகள் இரண்டுக்கும் தனித்தனிப் பேப்பர், இடது கை சுற்றில் அளவுக்கு மேல் 2 இன்ச் லூஸ். அக்குளில் தையல் முடிச்சு உரசாமல் மேலே மல் துணிப் பட்டியை மடித்துத் தைத்தேன். முதலில் வேட்டித் துணியில் இரண்டு தடவை போட்டுப் பார்த்துத்தான் நல்ல துணியில் கை வைத்தேன்.

சித்தி வளைகாப்புக்கு வந்தார். முதல் வளையலை அவர்தான் மகள் கையில் போட்டார். முந்தானையை இழுத்து இழுத்து மூடவில்லை. வேறு யாருக்கும் ஒன்றும் தெரியவும் இல்லை.

"எழுதும்மா, பேரு மட்டும் வேணாம். என்னை மாதிரி எத்தனை பேர் வீட்டுக்குள்ளேயே இருக்காங்களோ" என்று சித்திதான் சொன்னார். நம் நாட்டுப் பெண்களுக்கு வருகிற புற்றுநோயில் இதுதான் அதிகம் என்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு தெருவிலும் ஒரு சித்தி இருக்கலாம். உங்கள் வீட்டில் இருந்தால் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், நீங்களே கேளுங்கள். பேட் எப்போது வைக்கலாம், கை வீக்கத்துக்கு என்ன செய்வது என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தைப்பது நல்லது. பருத்தி நூலில் பின்னிய பேட்டுகளை இலவசமாகக் கொடுக்கிற தன்னார்வக் குழுவினரும் நம் நாட்டில் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் விசாரித்துப் பாருங்கள்.

துணி விஷயத்தில் சில குறிப்புகள்

* மதுரை வெயிலுக்குப் பருத்திதான் நல்லது. விளக்குத்தூண் பக்கம் மேட்சிங் பிட் எடுக்கும்போது பன்னா எவ்வளவு என்று கேளுங்கள். பன்னா குறைந்தால் நீளம் அதிகம் வேண்டும்.
* பருத்தித் துணி, லைனிங் இரண்டையும் வெட்டுவதற்கு முன் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவையுங்கள். சுருங்குகிறது அப்போதே சுருங்கட்டும். லைனிங் மட்டும் பிறகு சுருங்கினால் மேல் துணி பொங்கி நிற்கும்.
* சுங்குடியில் ஜாக்கெட் தைத்தால் வெட்டுவதற்கு முன் தண்ணீரில் தனியாக நனையுங்கள். சாயம் லைனிங்கில் ஏறுவது குறையும்.
* பேட்டர்னில் போட்டிருக்கிற அம்புக்குறி துணியின் கரைக்கு இணையாக இருக்கணும். துணி மிச்சம் பிடிக்கச் சாய்த்து வைத்தால் இரண்டு துவைப்பில் ஜாக்கெட் முறுக்கிக்கொள்ளும்.

மிஷின் வாங்க வசதியில்லாத சகோதரிகளுக்கு ஒன்று. தமிழக அரசின் சமூக நலத்துறையில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. விதவைகள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிப் பெண்கள் போன்றவர்களுக்கானது. தையல் கற்ற சான்று கேட்பார்கள். கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலுள்ள மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

ஒரு இன்ச் டேப், நாலு பிரவுன் பேப்பர், ஒரு பழைய வேட்டி. இந்த வாரம் ஒரு மத்தியான நேரத்தில் உங்கள் அளவை எடுத்து நோட்டில் எழுதிவிடுங்கள், தைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கட்டோரி, பிரின்சஸ் கட் இவற்றைப் பெருத்த உடம்புக்கு எப்படி மாற்றுவது என்று தெரிந்த சகோதரிகள் இதே பகுதியில் எழுதினால் எனக்கும் உதவியாக இருக்கும்.

- ஓர் இல்லத்தரசி, வில்லாபுரம், மதுரை.